சுருளிராஜன் சலூனில் ஒரு படப்புத்தகம்

சின்னமனூரில் சுருளிராஜனின் கைவேகத்தைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கட்டப்பனையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்தவர். பெரியவர்கள் தலையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் குழந்தை என்று ஒன்று நாற்காலியில் ஏறிவிட்டால் கடை போர்க்களம். அப்பா தலையைப் பிடிக்க, அம்மா காலைப் பிடிக்க, இவர் "ஆடாத! ஆடாதன்னு சொல்றேன்ல!" என்று கத்தக் கத்த, பக்கத்து டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸோடு வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"பூராம் நடிப்பு. முடி வெட்டுனா வலிக்குமா?" என்பது அவருடைய தீர்ப்பு.

அவர் மனைவி அனுசுயா அங்கன்வாடிப் பணியாளர். ஏதோ ஒரு பயிற்சிக்குப் போனவர், பை நிறையப் படப்புத்தகங்களோடு திரும்பி வந்தார். "கதையில வர்றவுக மனசு என்ன பாடுபடும்னு புள்ளைககிட்டக் கேக்கணுமாம். கேட்டுக் கேட்டுப் பழகுனா அடுத்தவுக வருத்தம் அதுகளுக்குப் புரியுமாம்" என்றார்.

"மொதல்ல எங் கை என்ன பாடுபடுதுன்னு கேக்கச் சொல்லு" என்று சுருளிராஜன் கட்டைவிரலைக் காட்டினார். அதில் நாலு பல் தடம் இருந்தது.

பல் ஜோவுடையது. வாழைத்தோட்டம் வைத்திருக்கும் பீட்டர்ராஜின் மகன், ஐந்து வயது. வலது பக்கம் வெட்டி முடித்து இடது பக்கம் வருவதற்குள் கடித்துவிட்டு ஓடிவிட்டான். அதற்குப்பிறகு பத்து நாள், பாதி வெட்டிய தலையோடு பள்ளிக்கூடம், சர்ச், கடைவீதி என்று எல்லா இடத்துக்கும் போனான். பார்த்தவர்கள் எல்லாரும் "யார்ட்டடா வெட்டுன?" என்று கேட்க, அவனும் ஒளிக்காமல் கடைப் பெயரைச் சொன்னான்.

தொழிலுக்கே ஆபத்து என்று ஆனபிறகுதான் சுருளிராஜன் மனைவியின் பையைத் துழாவினார். ஒரு புத்தகத்தின் அட்டையில் செம்மறி ஆட்டுக்குட்டி. உள்ளே அதற்கு ரோமம் கத்தரிக்கிற கதை. நம் தொழிலுக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பீட்டர்ராஜ் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். சுருளிராஜன் பையன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தார். மூன்றாவது பக்கத்தில் ஆட்டுக்குட்டி அழுதது.

"ஆட்டுக்குட்டி என்ன நெனைக்குது, தம்பி?"

"பயப்படுது."

"எதுக்கு?"

"இந்த மாமா மொறைக்கிறாரு."

கத்தரியோடு நின்ற படத்து மாமாவுக்கு அடர்த்தியான மீசை. ஜோ படத்தைப் பார்த்தான். சுருளிராஜனைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான். காத்திருந்தவர்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"நான் எங்க மொறைக்கிறேன்?" என்று சுருளிராஜன் முறைத்தார்.

"வெட்டட்டுமான்னு ஆட்டுக்கிட்ட யாருமே கேக்கல" என்றான் ஜோ. "நீங்க மொதல்ல வெட்டிக்கங்க. அப்புறம் நான்."

"ஏலே, பேசாம இரு" என்று பீட்டர்ராஜ் அதட்டினார். ஆனால் சுருளிராஜனுக்கு அந்தப் பாதித் தலை இன்னும் எத்தனை நாள் ஊரைச் சுற்றுமோ என்ற கவலை. நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். ஜோவை ஒரு ஸ்டூல்மேல் நிறுத்தி, டிரிம்மரை அவன் கையில் கொடுத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். காதோரம் லேசாகத் தொட்டு எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்.

டிரிம்மர் கொர்ரென்று காதருகே வந்தது. அவர் தோள்கள் தாமாக மேலே ஏறின. கண்கள் இறுக மூடிக்கொண்டன.

"ஆடாதீங்க! ஆடாதீங்கன்னு சொல்றேன்ல!" என்று ஜோ கத்தினான்.

சுருளிராஜன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இப்படியா கத்துவது?

ஜோ குரலைத் தாழ்த்தி, "பயமா இருக்கா மாமா?" என்று கேட்டான்.

"லேசா."

"நான் கையப் பிடிச்சுக்கிறேன்."

டிரிம்மர் மேலிருந்த அவர் கையை எடுத்துத் தன் இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். ஆறுதலுக்காகத்தான் செய்தான். ஆனால் டிரிம்மருக்கு இப்போது காவல் குறைந்துவிட்டது. அது கன்னத்தில் வழுக்கி இறங்கி, இடது பக்க மீசையை முழுக்க வழித்த பிறகுதான் நின்றது.

ஜோவின் உதடு பிதுங்கியது. பீட்டர்ராஜ் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

சுருளிராஜன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். கண்ணாடியில் பாதி மீசையோடு ஓர் ஆள் வாயைத் திறப்பது தெரிந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சரி, எனக்கு முடிஞ்சது. இப்ப ஒங்க முறை, ஐயா" என்று இறங்கினார். ஜோ ஏறி உட்கார்ந்தான். யாரும் தலையைப் பிடிக்கவில்லை, காலையும் பிடிக்கவில்லை.

மிச்ச மீசையையும் எடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்த அனுசுயா, "அவுக கடையில இருக்காக, அங்கன போய்ப் பாருங்க" என்று சொல்லிச் சாத்திவிட்டார்.

இப்போதெல்லாம் குழந்தைகள் வந்தால் டிரிம்மரை முதலில் அவர்கள் உள்ளங்கையில் ஓடவிட்டுக் காட்டுகிறார். எந்தப் பக்கம் முதலில் என்று கேட்கிறார். "இன்னைக்கு வேணாம்" என்றால் அனுப்பிவிடுகிறார். பெரியவர்கள் ஆடினால் மட்டும் இன்னும் கத்துகிறார். படப்புத்தகங்களின் பக்கத்துக்குப் பக்கம் முடி ஒட்டியிருக்கிறது என்று அனுசுயாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

போன மாதம் பவானி என்ற ஆறு வயதுப் பெண், கிராப்பு வெட்ட வந்துவிட்டு நாற்காலியில் ஏறமாட்டேன் என்று நின்றாள். "கத்தரின்னா பயம்" என்றார் அவள் அம்மா. சுருளிராஜன் குனிந்து காதைக் கொடுத்தார். தலையில் பேன் இருப்பதை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவள் பயம். சொல்லமாட்டேன் என்று அந்தத் தலைமேலேயே கை வைத்துச் சத்தியம் செய்தார். வெட்டி முடித்ததும், "ஆத்தாடி, என்ன சுத்தமான தலை!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பவானி தலையைச் சொறிந்தபடி, நிமிர்ந்த நடையில் வெளியே போனாள். சுருளிராஜன் சீப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனார்.