பூசை போட்ட சங்கிலி

திருமயம் சாலையில் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். ராஜா ஆட்சி முடிந்து, சமஸ்தானம் இல்லாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. மழையும் அதோடு போய்விட்டதுபோல எங்கு பார்த்தாலும் கிணறு தோண்டினார்கள். அப்படியொரு கிணற்று வேலையைத்தான் அன்று மத்தியானம் விட்டு வந்தேன். காரணம் ஒரு சங்கிலி.

உடைத்த கல்லைக் கட்டி மேலே இழுக்கும் இரும்புச் சங்கிலி அது. ஒரு கண்ணி அறுந்துபோக, மேஸ்திரி டவுனில் கொடுத்து வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். நான் காரைக்குடியில் லாரி ஷெட்டில் எடுபிடியாக இருந்தவன். பற்றவைப்பு மேலோடுதான் பிடித்திருந்தது. ஓரத்தில் ஊசி குத்தியதுபோலத் துளைகள். தட்டினால் நல்ல கண்ணி கணீரென்னும், கெட்டது மொத்தென்னும். நான் சுத்தியலை எடுப்பதற்குள் சூடம் காட்டி, சங்கிலி முழுக்க மஞ்சளையும் சந்தனத்தையும் அப்பிவிட்டார்கள். துளைகள் மறைந்துபோயின.

"பூச போட்டாச்சுல்ல? மொதக் கல்லு மேல வர்ற வரைக்கும் அதுல சுத்தியல் படக் கூடாதுடா. கீழ போடு," என்றார் மேஸ்திரி.

உள்ளே இறங்கிக் கல் உடைப்பவர் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர். அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, அந்தக் கண்ணி தாங்காது. எறங்காதீங்க."

அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஒங்க சாமி ஒரு பக்கம், எங்க சாமி ஒரு பக்கம் புடிச்சிருக்காங்க. எப்படி மாப்ள அறும்?"

"வெல்டிங் வச்சவன் எந்தச் சாமிண்ணே?"

"பயந்தாங்கொள்ளி! அங்கிட்டுப் போயி ஆடு மேயி, போ."

கிணற்றின் அடியில் ஒதுங்கி நிற்க இடமில்லை. அது அவருக்கும் தெரியும். இறங்கினார். நான் கிளம்பிவிட்டேன்.

திருமயத்தில் பஸ் நிற்கும் இடத்தில் படுத்தேன். விடிந்ததும் டீக்கடை முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. வடக்கயிறும் ஆளும் வேண்டுமென்று யாரோ கேட்டார்கள். குரல் மேஸ்திரியுடையது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதக் கல்லு நல்லாத்தான் வந்துச்சு. அதுக்கப்பறம் தட்டிப் பாக்க எவனுக்கும் தோணல. அடுத்த கல்லுல அறுந்துருச்சு."

"அண்ணன்?"

"கல்லுக்கு அடியில. பொழுது சாயுற வரைக்கும் அவரு சத்தம் கேட்டுச்சு. உள்ள எறங்க ஒருத்தனும் வர மாட்டேங்குறான்ப்பா."

கடைக்காரர் கொடுத்த வடக்கயிற்றைப் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தேன். நைந்த இடம் எதுவும் இல்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கி, கல்லைப் புரட்டி, அவரை மேலே அனுப்ப வேண்டும். அன்று காலை நான் ஒப்புக்கொண்ட வேலை அது.