மாமா கையில் கொடுக்காத ரிவோல்வர்

லண்டனுக்கு வந்த புதிதில் என் சின்ன மாமாவுக்கு வாய் நான்தான். அம்மாவின் தம்பியான அவருக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச வராது. ஒன்பது வயதில் எனக்கோ வாயை மூட வராது. அதனால் பள்ளிக்கூட விடுமுறையில், அம்மா ஷிப்டுக்குப் போனதும், நாங்கள் குடியிருந்த டூட்டிங்கில் பஸ் பிடித்து மாமாவோடு அவருடைய வேலைக்கு நானும் போய்விடுவேன்.

அது பழைய சாமான்களை ஏலம் போடும் மண்டபம். மாமா அங்கே அலுமாரி தூக்கினார், கம்பளம் சுருட்டினார். தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்த மாமியைக் கூப்பிட வழி பிறக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாமியை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். ஆனாலும் அவர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அம்மாவைப்போல் அவசரமாக இல்லாமல் ஆறுதலாகத் தலை பின்னிவிட ஒரு ஆள் வரட்டும் என்ற சுயநலம்தான்.

அன்று பச்சைத் துணி விரித்த மேசையில் ரிவோல்வர்களை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் நூறு வருடத்துப் பழசு, இப்போது எந்தக் கம்பனியும் செய்யாத ரகம். அவற்றுக்குப் போடும் தோட்டாகூடக் கடைகளில் கிடையாது, அதனால் வாங்குவதற்கு அனுமதிப்பத்திரமும் தேவையில்லையாம். மறுநாள் ஏலம். சேகரிப்பவர்கள் முன்கூட்டியே வந்து, பேரப்பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார்கள்.

அந்த மேசைக்குப் பொறுப்பானவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் முதலாளி மாமாவை அங்கே நிறுத்தினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து ஒரு ரிவோல்வரைக் காட்டிக் கேட்டார். மாமா எடுத்தார். எடுத்த கையோடு குழலைத் தரைப்பக்கம் திருப்பி, உருளையைத் திறந்து, ஒவ்வொரு துளையாகப் பார்த்து, விசையில் விரல் படாமல் மூடினார். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு கிழவர் நீட்டிய கையில் கொடுக்காமல், பிடி அவர் பக்கம் இருக்கும்படி துணியின்மேல் வைத்தார்.

பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு வாயெல்லாம் பல். இதெல்லாம் இவருக்கு யார் பழக்கியது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் கத்தியையோ கத்தரிக்கோலையோ கைக்குக் கை கொடுக்கக் கூடாது, சண்டை வரும். கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். அம்மாதான் பழக்கினார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும், இனி இந்தப் பிரிவை உன் மாமாவே பார்க்கட்டும், வேலையையும் நிரந்தரமாக்கித் தருகிறேன் என்றார்.

நான் துள்ளிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னேன். மாமா கையைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏலாதெண்டு சொல்லு, பிள்ளை.”

“மாமி வருவா, மாமா!”

“அலுமாரியே தூக்கிறன் எண்டு சொல்லு. எவ்வளவு பாரமெண்டாலும் தூக்கிறன்.”

சொன்னேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முதலாளியின் முகமும் சுருங்கிவிட்டது.

பின்னேரம் வீட்டில் அப்பா குதித்தார். “தேடி வந்த வேலையை ஆரும் உதைப்பினமோ? அப்பிடி என்னடா பயம் உனக்கு?”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்காக நான் முன்வந்து, நடந்ததை நடித்துக் காட்டினேன். இப்படி எடுத்தார், இப்படித் திறந்தார், இப்படிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற அம்மா எட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“காணும், விடு,” என்றார். பிறகு அப்பாவிடம், “நீங்களும் அவனை ஒண்டும் கேளாதேங்கோ.”

அம்மாவும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

மாமா அலுமாரிதான் தூக்கினார். மாமி வந்து சேர்வதற்குள் நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். அதுவரை எனக்கு மாமாமேல் தீராத கோபம். வெடிக்கவே வெடிக்காத பழைய இரும்புக்கு இப்படியும் ஒருவர் பயப்படுவாரா என்று நினைத்துக்கொள்வேன். பயந்தவர்தான். ஊரில் ஆயுதம் பழகிய தன்னுடைய கைகளைக் கண்டுதான் அவர் பயந்தார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.