சீர்த்தட்டில் வந்த விஞ்சும் அம்மா எடுத்த விஞ்சும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உள்ளட்டையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு படம் இருக்கிறது. நடுவில் பட்டு வேட்டியில் என் தாய்மாமா. அவர் கையில் பெரிய தாம்பாளம், அதில் ரோஜா மாலை போட்ட ஒரு மின்சார விஞ்ச், பாரம் இழுக்கிற மெஷின். கனம் தாங்காமல் இரண்டு பேர் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள். ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற பெண்மணிதான் என் அம்மா. படத்துக்குக் கீழே ‘தங்கை குடும்பத்தை வாழவைத்த தாய்மாமன் சீர்’ என்று அச்சாகியிருக்கிறது. அச்சுச் செலவை மாமா ஏற்றுக்கொண்டார், ஆகவே அந்த வரியும் ஏறிக்கொண்டது. கட்டுரை எழுதுகிற வேலையை மட்டும் மகளிடம் விட்டார்கள். அது அவர்கள் செய்த பிசகு.

அம்மா இறந்து ஓராண்டு முடிகிற இந்த நாளில், நல்லவர், வல்லவர், அன்பின் உருவம் என்று நான்கு வரி எழுதிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். அப்படி எழுதினால் அம்மாவே ‘ஏண்டி, இது யாரப் பத்தி?’ என்று கேட்பார். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்த ஊர் திருமழபாடி. கொள்ளிடக்கரை, சமதரை, நெல்வயல். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எங்கள் காடு ஓர் ஓடைச் சரிவில் இருக்கிறது. மரமெல்லாம் கீழே, வண்டி வருகிற பாதை மேலே. பழைய முந்திரி மரத்தை வெட்டினாலும் சரி, கிளை கழித்தாலும் சரி, விறகு சரிவேறித்தான் வண்டிக்கு வர வேண்டும். இருபது வருடம் அது அப்பாவின் தோளில் ஏறி வந்தது. மழை ஈரம் காயாத ஒரு காலையில் செம்மண் வழுக்கி, அப்பா கீழேயும் மரம் மேலேயுமாக விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

பார்க்க வந்த சொந்தங்களை மறக்க முடியாது. ஆப்பிள் கொண்டுவந்தார்கள், கூடவே புத்தியும் கொண்டுவந்தார்கள். “ஆள வுட்டு சுமக்கச் சொல்லும்மா” என்றார்கள். ஆள் யார், எங்கே, எவர் அனுப்புவார் என்று கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் அவர்களுக்கு. ஆள் வரவில்லை. நான் சுமந்தேன். ஒரு மாதத்தில் தோள் உரிந்து துணி சதையோடு ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியைப் பிரித்தெடுத்த அன்று அம்மா அழவில்லை, கோபப்பட்டார்.

“இனிமே இந்த வூட்டுல ஒருத்தரும் மரத்தத் தோள்ல தூக்கக் கூடாது. மரம் அங்கயே கெடந்து மக்கிப்போனாலும் சரி” என்றார்.

அந்த வருடப் புயலில் சரிவின் அடியில் பதினோரு மரங்கள் சாய்ந்தன. அடுத்த மழைக்குள் மேலே ஏற்றாவிட்டால் கரையான் பாதி, ஓடைத் தண்ணீர் பாதி என்று போய்விடும். அந்த மரங்களைத் தவிர அந்த வருடம் எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது. மரம் இழுக்கிற விஞ்ச் ஒன்று வேண்டும் என்று அம்மா சொன்னது அப்போதுதான். சொன்னதைத் திருமழபாடியில் மாமா காதில் யாரோ போட்டுவிட்டார்கள்.

மாமாவுக்கு நல்ல மனசு என்பார்கள். இருக்கட்டும். கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் மட்டும் அந்த மனசுக்குக் கிடையாது. அப்பா விழுவதற்கு முன்பே கட்ட ஆரம்பித்திருந்த எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும். குத்துவிளக்கு, குடம், புடவை என்று கொண்டுவந்தால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் என்று மாமா விஞ்ச் வாங்கினார். எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதை அவரே பந்தியில் பெருமையாகச் சொன்னார்.

“கடக்காரன் சின்னதா ஒண்ணு காட்னான். ஏம்ப்பா, தட்டுல வெச்சா நெறைஞ்சிருக்க வேணாமா, பெருசா எடுன்னேன். ரெண்டு டன் இழுக்கும்.”

மரம் இழுக்கிற மெஷினைத் தாம்பாளத்தில் வைத்து அளவு பார்த்து வாங்கிய ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருப்பார். மேளத்தோடு அது தெருவில் வந்தது. சாப்பிட வந்த அத்தனை பேரும் “எத்தன டன்னு?” என்று மட்டும் கேட்டார்கள். இந்த மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்தப் பந்தியில் இருந்தீர்கள், நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். சீரை வேண்டாம் என்றால் பிறந்த வீட்டு உறவு அன்றோடு அறுந்துபோகும். அம்மா குங்குமம் வைத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாமா தம் கையாலேயே இழுத்துக் காட்டுவதாகக் காட்டுக்கு வந்தார். நான்கு பேர் தூக்கி வந்து பாதையோரம் வைத்தார்கள். “கரண்ட் எங்க?” என்றார். காட்டில் கரண்ட் எங்கே இருக்கும்? “ஒரு ஜெனரேட்டர் வாங்கிக்கம்மா” என்றார், உப்பு வாங்கிக்கொள் என்பதுபோல. சரி, கம்பியையாவது இறக்கிப் பார்ப்போம் என்று இரும்புக் கம்பியை அவிழ்த்தார்கள். முதல் வரிசை முந்திரியைத் தாண்டவில்லை, தீர்ந்துவிட்டது. கட்டட வேலையில் சிமென்ட் மூட்டையை மாடிக்கு ஏற்றுகிற விஞ்ச் அது. கீழே எட்டிப் பார்த்துவிட்டு மாமா சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

“மரத்தக் கொஞ்சம் மேல எடுத்தாரச் சொல்லு தங்கச்சி. அப்பறம் மெஷின் இழுத்துக்கும்.”

“மேல கொண்டாந்துட்டா மெஷின் எதுக்குண்ணே?” என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “பொம்பள பேசுற பேச்சா இது” என்று காரில் ஏறிவிட்டார். அந்த விஞ்ச் வீட்டுப் பரணுக்கு ஏறிற்று. மாலையைக் கழற்ற அம்மா விடவில்லை.

அடுத்த வாரம் அம்மா ஒரு கயிற்றை எடுத்தார். சரிவின் அடியில் கிடந்த கடைசி மரத்தில் ஒரு முனையைக் கட்டி, பாதையோரத்துப் புளியமரம் வரைக்கும் இழுத்து வந்து, நீளத்துக்கு அடையாளமாக முடிச்சுப் போட்டார். அந்தக் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார். கூட நான். கையில் ஒரு குடம் வேறு. எதற்கென்று எனக்குத் தெரியாது.

கடையில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வூட்டுக்காரர கூட்டிட்டு வாங்கம்மா. இது மிக்ஸி இல்ல” என்றார். தலை நிமிராமல் செல்போனைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மா கயிற்றின் ஒரு முனையைக் கடை வாசல் தூணில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்து நடக்கச் சொன்னார். தெருவோரமாகவே நடந்தேன். ஆறு கடை தாண்டி ஒரு டீக்கடையில் போய்த்தான் கயிறு முடிச்சு வரைக்கும் நீண்டது. “இந்த நீளத்துக்கு எது இழுக்கும்?” என்று அம்மா கேட்டார். கடைக்காரர் “எத்தன டன் வேணும்?” என்றார். “டன் கெடக்கட்டும். நீளத்தச் சொல்லுங்க.” அவர் செல்போனைக் கீழே வைத்தார்.

பிறகு குடத்தில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மெஷினாகத் தூக்கிப் பார்த்தார். குடத்தைவிடக் கனமானதையெல்லாம் ஒதுக்கினார். தண்ணீர்க் குடத்தோடு சரிவேற அவருக்குத் தெரியும், அதற்கு மேல் கனமானதை வீட்டிலிருந்து காட்டுக்குத் தினம் தூக்கிப் போக முடியாது. கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்ரோல் மெஷின் மிஞ்சியது. அதில் கம்பியே சுற்றியிருக்கவில்லை. ஓர் உருளை மட்டும். கயிற்றை அதில் நாலு சுற்றுச் சுற்றி, வெளியே வருகிற முனையைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நீளக் கயிறானாலும் அதன் வழியே ஓடும்.

“அது சும்மா கெளைய இழுக்குறதும்மா. ஒரு டன்னுகூட இழுக்காது” என்றார் கடைக்காரர்.

“நான் மரத்த ஆகாசத்துல தூக்கப் போறதில்லீங்க. தரையில இழுக்கப் போறேன். பெருசா இருந்தா ரெண்டா வெட்டிக்கிறேன். இரும்புக் கம்பி அறுந்தா மூஞ்சியப் பேத்துடும், எனக்குக் கயிறே போதும். ஒரு கப்பியும் குடுங்க.”

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் துருவித் துருவிக் கேட்டவர்களுக்கு அம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

புளியமரத்துக்குப் பட்டைநாடா சுற்றி மெஷினை மாட்டுவோம். கீழே அம்மா மரத்தின் முன்முனையைக் கத்தியால் சாய்வாகச் செதுக்குவார், அப்போதுதான் மண்ணில் குத்தாது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் இழுப்பேன். பதினோரு மரமும் மழைக்கு முன்பே மேலே வந்தன. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த வருடம் அதே மெஷினை இரவல் கேட்டு வந்தார்கள். அம்மா கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

தலையில் ரத்தக்கசிவு என்று அரியலூர் ஆஸ்பத்திரியில் அம்மா ஐந்து நாள் கிடந்தார். நினைவு வந்த ஒரு மாலையில் என்னைப் பார்த்து, “மெஷினுக்கு ஆயில் மாத்துனியா?” என்றார். மாத்தியாச்சும்மா என்றேன். அம்மாவிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அப்பாவைக் கைத்தாங்கலாகச் சுடுகாடு வரை கூட்டிப்போன பக்கத்துக் காட்டு அண்ணனுக்கும், ஒரு வாரம் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

அம்மா இறந்த அன்று காலையில் தகனத்துக்கு விறகு வேண்டியிருந்தது. காய்ந்த முந்திரிக் கட்டைகள் ஓடையடியில் கிடந்தன. மாமா காட்டுக்கு வந்தார். நான்கு பேர் பார்க்கும்படி துண்டை மடித்துத் தோளில் போட்டு, ஒரு கட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு சரிவில் இரண்டு அடி ஏறினார். மேலே நான் மெஷினை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“சாவு வூட்டுல மெஷின் சத்தமா? என் தங்கச்சிக்கு நான் சுமக்கிறேன்” என்றார்.

“கீழ வைங்க மாமா. இந்த வூட்டுல ஒருத்தரும் மரத்தத் தோள்ல தூக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு.”

மாமா என்னைப் பார்த்தார். கட்டையை மெல்ல இறக்கி வைத்தார், கயிற்று முனையைத் தேடி எடுத்து அவரே கட்டினார், கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறந்ததிலிருந்து அம்மாவின் ஒரு பேச்சை அவர் கேட்டது அன்றைக்குத்தான். அதற்காக அவருக்கு என் நன்றி.