இருபதரைப் புள்ளி

காலை பத்து மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு, காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் கூடத்தில், எழுத்தர் சுப்பையா பிள்ளை வருகைப் பேரேட்டை மூடி, கண்ணாடியைக் கழற்றி, “ஆக மொத்தம் இருபதரை” என்றார். காரியங்கள் கோணத் தொடங்கியது அப்போதுதான். கூட்டம் செல்லுபடியாக இருபத்தொன்று வேண்டும். குறைந்த அரை என் பேரில் குறைந்திருந்தது.

அன்று சனிக்கிழமை. திருச்சியிலிருந்து விடியற்காலை வண்டியில் நானும் என் மகள் அகிலாவும் வந்திருந்தோம். ஐம்பத்தாறு மைல், மூன்றாம் வகுப்பில் ஆளுக்குப் பதினான்கணா. புதுக்கோட்டை தாண்டியதும் மண் சிவந்துவிடுகிறது. காவேரித் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, இந்தப் பக்கம் மழைநீரை ஊருணியில் தேக்கி, குளிக்க வேறு, குடிக்க வேறு என்று காப்பதைக் காண ஆச்சரியமாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டிக்கு நாலணா. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகின்றன. ஒரு தெருவில் வாசல் வைத்த வீடு அடுத்த தெருவில் போய்த்தான் முடிகிறது.

நாங்கள் வந்தது நாற்றிசைத் தமிழாராய்ச்சி மன்றத்தின் பொதுக்கூட்டத்துக்கு. ரங்கூன், பினாங்கு, கொழும்பு ஆகிய ஊர்களில் கிளையுள்ள சங்கம் அது. கொழும்புக் கிளையில் பல வருஷமாகக் கட்டுப் பிரிக்காத ஏட்டுச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்து அட்டவணை செய்ய ஒருவரை ஒரு வருஷத்துக்கு அழைக்கிறார்கள். அகிலாவுக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ. தேறியவள். கோயில் சுவரில் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றிக் கல்வெட்டுப் படி எடுப்பதை விளையாட்டுப்போல் கற்றவள். அவளைத்தான் வேண்டுமென்று கொழும்பார் கேட்டிருந்தார்கள். ஆனால் போகிறவர் மன்றத்தின் உறுப்பினராக இருக்கவேண்டும். பழைய விதிப்படி அவள் உறுப்பினராக முடியாது. அன்று புதிய விதிகள் நிறைவேறினால் முடியும். தவறினால் அடுத்த பொதுக்கூட்டம் மூன்று வருஷம் கழித்து ரங்கூனில்.

பழைய விதியை எழுதியவர் சுப்பையா பிள்ளையேதான். அதற்கு முன்பிருந்தே நகரத்தார் கோயில் ஒன்றில் குடும்பக் கணக்கு எழுதிவருகிறவர். அங்கே தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு கிடையாது. மன்றம் தொடங்கியபோது உறுப்பினர் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். ஆகவே ‘இருபத்தொரு புள்ளி கூடினால் கூட்டம்’ என்று அவர் எழுதியதை ஒருவரும் விசித்திரமாக நினைக்கவில்லை. பிறகு கடல் கடந்து கிளைகள் முளைத்தன. விதி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

என் மனைவி காலமாகி எட்டு வருஷம் ஆகிறது.

தலைவர் சின்னத்துரை, கொழும்பில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர், பேரேட்டை வாங்கிப் பார்த்தார். “என்ன பிள்ளை இது? ஒரு மனுசனை அரையாய் எழுதலாமோ? இவர் முழுசாய்த்தானே கதிரையில் இருக்கிறார்?” என்று நாற்காலியில் இருந்த என்னைக் காட்டினார்.

“நாலாவது விதியப் பாருங்கய்யா. எனக்கு மட்டும் ஆசையா, பெரிய மனுசர அரையா எழுத?” என்றார் பிள்ளை.

“விதியைத்தான் இன்றைக்கு மாற்றப் போகிறோமே.”

“மாத்துறதுக்கும் இருபத்தொண்ணு வேணுமேய்யா.”

தலைவர் பேரேட்டைத் திருப்பிக் கொடுத்தார். விதிக்குக் கட்டுப்படுவதிலேயே ஆயுளைக் கழித்தவர் அவர். சற்று யோசித்து, “மனைவியை இழந்த உறுப்பினர் இந்த ஊரில் வேறு ஒருவரும் இல்லையோ? இன்னொரு அரை கிடைத்தால் போதுமே” என்றார். கூடத்திலிருந்த கணவன்மார் இருபது பேரும் ஏககாலத்தில் தலையசைத்து மறுத்த வேகத்தில் சிரிப்பு வெடித்தது. “எனக்கு ரெண்டு சம்சாரம். என்னை ஒண்ணரைன்னு போட்டுக்குங்களேன்” என்றார் ரங்கூன்காரர் ஒருவர். இன்னொருவர், “அந்தப் பொண்ணுக்கு இப்பவே ஒரு கலியாணத்தப் பண்ணி வச்சாப் புள்ளி ஏறிருமே!” என்றார்.

“ஏறும். ஆனால் ஏறுவது என் பேராக இருக்காதே!” என்றாள் அகிலா. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு.

நானும் சிரித்தேன். என் சிரிப்பில் வேறொன்றும் இருந்தது. இருபதரை என்று கேட்டவுடன் என் நெஞ்சில் முதலில் எழுந்தது வருத்தமல்ல, ஆறுதல். இவள் இனிக் கடல் கடக்க வேண்டாம், மாலை வண்டியில் என்னோடு திரும்பிவிடுவாள் என்ற ஆறுதல். அடுத்த கணம் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கையிலிருந்த பென்சிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நம்பிக்கை ஒன்று மிச்சம் இருந்தது. பினாங்குப் பிரதிநிதி வயிரவன் செட்டியார் நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறங்கி, தேவகோட்டையில் தம் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தகவல். அவர் வந்தால் இருபத்தொன்றரை. மாலை நாலு மணிவரை காத்திருக்க விதி இடம் கொடுத்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தி. இந்த ஊரில் சாப்பிடாமல் எந்தச் சர்ச்சையும் நடப்பதில்லை. வெள்ளைப் பணியாரம், வெண்டைக்காய் மண்டி, கும்மாயம் என்று இலை நிறைந்தது. கும்மாயம் என்பது உளுந்தும் கருப்பட்டியும் நெய்யுமாகக் கிண்டிய பண்டம். நாக்கில் வைத்தால் தானே இறங்குகிறது. பதினேழாவது விதியில் ‘செயலாளர்’ ஒருவரா இருவரா என்று எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதாடியவர்கள், பரிமாறுகிறவர் வந்தபோதெல்லாம் வாதத்தை நிறுத்தி, இலையை நிரப்பிக்கொண்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். அகிலா நன்றாகச் சாப்பிட்டாள். என்னால் முடியவில்லை.

ஒரு மணிக்குத் தேவகோட்டையிலிருந்து ஆள் வந்தான். செட்டியாருக்குக் கடுங்காய்ச்சலாம்.

யாரையும் கேட்காமல் எழுந்து தெருவுக்கு வந்து வாடகை மோட்டார் ஒன்றைப் பிடித்தேன். தேவகோட்டை பன்னிரண்டு மைல். போகவர மூன்று ரூபாய். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாருக்குய்யா ஒடம்புக்கு முடியல?” என்றான்.

“யாருக்குமில்லை. ஒரு கூட்டத்துக்கு ஆள் குறைகிறது.”

“ஆளா? சந்தையில நின்னு ஒரு சத்தம் குடுத்தா நூறு பேரு வருவாகளே! அதுக்கா அங்குட்டு போறீக?”

“சும்மா ஆள் போதாதப்பா. புள்ளி வேண்டுமாம்.”

“அப்பப் போகத்தேன் வேணும்” என்று வண்டியை முடுக்கினான். எனக்கு விளங்க அரை நாள் பிடித்தது அவனுக்கு ஒரு சொல்லில் விளங்கிவிட்டது.

சாலை முழுவதும் செம்மண். வேலிக்கருவைக்கும் பனைக்கும் நடுவில் திடீரென்று ஒரு கோபுரம், உடனே வாய் பிளந்த ஊருணி, மறுபடி வெறும் வெளி. இரண்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் இறங்கினேன். செட்டியார் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். “எந்திரிச்சாத் தல சுத்துதுய்யா. தப்பா நெனச்சுக்கிறாதீக” என்று சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. நெற்றியில் கை வைத்தேன், அடுப்புபோல் இருந்தது. நான் வந்த விஷயத்தை, அரைப் புள்ளிக் கதை உட்பட, சொல்லி முடித்து, படுத்திருங்கள் என்று விடைபெற்றேன்.

நிலைக்கதவோரம் செம்பில் தண்ணீரோடு அவர் மனைவி தெய்வானை ஆச்சி நின்றார். நாற்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“யாருக்காக இம்புட்டு அலைச்சல்?” என்றார்.

“என் மகளுக்காக, ஆச்சி.”

“கூட்டம் நடந்தா?”

“கொழும்புக்குப் போவாள்.”

“நடக்காட்டி?”

“என்னோடு வீட்டுக்கு வருவாள்.”

“ரெண்டுல எது வேணும்னு ஓடியாந்தீக?”

செம்புக்குக் கை நீட்டினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியேறினேன். இதைத் திருச்சியில் என் மேஜை முன் உட்கார்ந்து எழுதும்போதும், அந்தக் கேள்வி வரும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

மூன்றரை மணிக்குக் காரைக்குடி திரும்பினேன். அகிலா வாசற்படியில் நின்றாள். வண்டிக்குள் பின் ஆசனம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். “போகட்டும் அப்பா, நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை” என்றாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே தலைவர் கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார். நேரத்தைக் கடத்துவதற்காக ஒவ்வொருவராக எழுந்து விளக்கம் கேட்டார்கள். ஒருவர் ‘கிளை’ என்றால் என்ன என்றார். இன்னொருவர் ‘கடல்’ என்பதற்கு இலக்கணம் வேண்டும் என்றார். முன்பின் தெரியாத என் மகளுக்காக அந்த மனிதர்கள் வேர்க்க வேர்க்கக் கேட்ட அர்த்தமில்லாத கேள்விகளை நான் மறக்கமாட்டேன்.

மூன்று மணி ஐம்பத்திரண்டுக்கு வாசலில் ஒரு மோட்டார் நின்றது. இறங்கியவர் தெய்வானை ஆச்சி. நடந்த வேகத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு, கூடத்துக் கணவன்மார் எல்லாரும் எழுந்து நிற்க, நேரே சுப்பையா பிள்ளை முன்னால் போய் நின்றார்.

“எங்க வீட்டுப் புள்ளி வந்திருச்சு. எழுதிக்கிருங்க.”

பிள்ளை திகைத்தார். “ஆச்சி, உறுப்பினர் வந்து செட்டியாரு...”

“உறுப்பினர எண்ணுறீகளா, புள்ளிய எண்ணுறீகளா?”

“புள்ளியத்தேன்.”

“அவுக பினாங்குல இருந்த பதினொரு வருசமும் எங்க புள்ளிக்குக் கோயில்ல வந்து நின்னது யாரு? கணக்கு எழுதுனது நீங்கதேன?”

“ஆமா ஆச்சி. நீங்கதேன் வந்தீக.”

“அன்னைக்கு நான் புள்ளி. இன்னைக்கு இல்லையாக்கும்?”

பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலைவரைப் பார்த்தார். தலைவர் பழைய விதிப்புத்தகத்தைப் புரட்டி, நாலாவது விதியை ஒருமுறை மனத்துக்குள்ளும் ஒருமுறை உரக்கவும் படித்தார். “ஆண் என்றோ பெண் என்றோ இதில் ஒரு சொல்லும் இல்லையே! பிள்ளை, நீர் எழுதின விதி மிக நல்ல விதி. ஆச்சியை எழுதும்” என்றார். இருபத்தொன்றரை என்று பிள்ளை உரக்கப் படித்தபோது எழுந்த கைதட்டலில் தூண் மேலிருந்த புறாக்கள் பறந்தன.

புதிய மூன்றாம் விதியைத் தலைவர் வாசித்தார்: ஆணோ பெண்ணோ, மணமானவரோ ஆகாதவரோ, ஆளுக்கு ஒன்று. ஏகமனதாக நிறைவேறியது. ஆச்சியும் கை தூக்கினார். அடுத்து, அகிலாண்டம் என்னும் பெண்மணியை உறுப்பினராக ஏற்று, ஒரு வருஷம் கொழும்புக்கு அனுப்பும் தீர்மானம்.

கூடம் முழுவதும் கைகள் எழுந்தன. என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. தூக்க வேண்டுமென்றுதான் நினைத்தேன். கனத்தது. அகிலா என்னைப் பார்க்கவில்லை; வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வானை ஆச்சி பக்கத்து நாற்காலிக்கு வந்து, என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

“கப்பலேறுன அன்னைக்குச் சோறு எறங்காது. மறுநா எறங்கிரும். நான் பதினொரு வருசம் பார்த்தவ, சொல்றேன். கையத் தூக்குங்க.”