குரல் கேட்காத சவாரி

பாலக்கரை தைரியராஜ் யாரையும் லேசில் நம்புகிற ஆளில்லை. காந்தி மார்க்கெட்டில் பல வருடம் லோடு ஆட்டோ ஓட்டியவர். கண் அசந்தால் மூட்டை காணாமல் போகிற இடம் அது. இப்போது ஆப்பில் சவாரி பிடித்துக் கார் ஓட்டுகிறார். குணம் மட்டும் மாறவில்லை. சவாரி விழுந்ததும் போன் போடுவார். எதிர்முனையில் ஒரு குரல் கேட்டால்தான் வண்டி நகரும். அந்தப் போனைப் பெண்டாட்டி மலர்க்கொடி கையில்கூடக் கொடுக்க மாட்டார்.

அன்று காலை ஸ்ரீரங்கத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து விமான நிலையத்துக்குச் சவாரி விழுந்தது. பேர் வாயில் நுழையவில்லை. போன் போட்டார், போகவில்லை. எவனோ விளையாடுகிறான் என்று ரத்து செய்தார். அதே பேர் மறுபடி வந்தது, மறுபடி ரத்து. மூன்றாவது தடவையும் வந்தபோது ரத்து பட்டனுக்குப் போன விரலை இழுத்துக்கொண்டார். இன்னொரு ரத்து விழுந்தால் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று கம்பெனிக்காரன் எச்சரிக்கை அனுப்பியிருந்தான். கணக்கு போனால் சோறு போச்சு. எந்தப் பயல் என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்.

லாட்ஜ் வாசலில் பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரம்மா நின்றாள். வண்டி நம்பரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். இவர் மூஞ்சியைப் படம் பிடித்தாள். ஓடிபி கேட்டதும் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

லாட்ஜில் வேலை பார்க்கும் சுப்ரஜா இறங்கி வந்தாள். யார் நம்பர் கேட்டாலும் சொல்லாதே என்று அந்தம்மாவுக்கு ஊரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம்.

"போன் போட்டா எடுக்கணும்லம்மா? நான் என்னன்னு நெனைக்கிறது?" என்றார் தைரியராஜ்.

"அவங்க போன்ல நம்மூர் சிம்மே இல்லண்ணா. எங்க வைஃபையிலதான் புக் பண்ணினாங்க. கேட்டைத் தாண்டினா மேப் கூட வராது. இனிமேயும் நிக்க வச்சா பிளைட் போயிடும்."

சுப்ரஜா அந்தம்மாவிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஓடிபி நம்பர் வந்தது.

காவிரிப் பாலத்தில் அந்தம்மா தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் இவரையே முறைத்தாள். பாம்பா பழுதா என்று தெரியாமல் இவரும் முறைத்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி நெரிசல். தெரிந்த சந்தில் வண்டியை ஒடித்தார். பின்னால் கதவுப் பிடியை இழுக்கிற சத்தம் கேட்டது. ஸ்டாப், ஸ்டாப் என்றாள்.

இங்கே இறங்கினால் புகார் போகும். விளக்கிச் சொல்ல இங்கிலீஷ் வராது. தைரியராஜ் ஒரு கணம் பல்லைக் கடித்தார். பிறகு ஸ்டியரிங் பக்கத்துத் தாங்கியிலிருந்து தன் போனை உருவிப் பின்னால் நீட்டினார்.

கதவுப் பிடியை விடாமல் அவள் மறுகையால் வாங்கினாள். மேப்பில் குட்டிக் கார் நகர்ந்துகொண்டிருந்தது, விமான நிலையத்தைப் பார்த்து. பாலக்கரை வருவதற்குள் கதவிலிருந்து கை இறங்கிவிட்டது.

தைரியராஜ்தான் கடைசிவரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போனைக் கொடுத்தாரே தவிர, அதில் மாட்டியிருந்த சார்ஜர் வயரைக் கழற்றவில்லை.