ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல அறை

“…ரூம்ல ஃபேன் சத்தம் போடுதான்னுகூட பார்த்தியேண்ணா. அந்த ஆளுங்க எதுக்கு வர்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

பெங்களூர் பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலையின் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டு என் நண்பன் இப்படிக் கேட்டான். தொண்ணூறுகளின் கடைசி. பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவன் இரும்பு கடைகிற லேத் இயந்திரம் ஓட்டுபவன், நான் ஆபீஸில் இருப்பவன். இருவருக்கும் வீடு ஹெப்பகோடியில், அடுத்தடுத்த தெரு. ஆறு வருஷமாக என் ஸ்கூட்டரின் பின்சீட் அவனுடையது. அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று சொல்ல வேண்டுமானால் ஹோட்டலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆபீஸில் இருப்பவன் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் திருப்பத்தூரில் ரயிலேறி வந்தவன் நான். கூரியர், வங்கி, ரயில் டிக்கெட் என்று எந்த மேஜைக்கும் சொந்தமில்லாத வேலையெல்லாம் என் மேஜைக்கு வரும். வருகிற கடிதங்களைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றேன். கன்னடம், பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக் கற்றது. யாராவது சுவையாக ஒன்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம், அதை நாலு பேரிடம் சொல்லித் திரிந்தாலே வயிறு நிறைந்துவிடும்.

எனக்குப் பிடித்த வேலை, வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு ரூம் பார்ப்பது. போனில் பேசி முடிக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது, நேரில் போவேன். குழாயைத் திறந்துவிட்டு, சுடுதண்ணீர் வர எத்தனை நேரம் ஆகிறது என்று பக்கத்திலேயே நிற்பேன். ஃபேனை ஒன்றிலிருந்து ஐந்துவரை சுற்றவிட்டுக் கேட்பேன். கடைசியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் ஒரு நிமிஷம் படுப்பேன். நான் படுத்துப் பார்க்காத கட்டிலில் எங்கள் கம்பெனி விருந்தாளி ஒருவர்கூடப் படுத்ததில்லை.

“பொண்ணு பார்க்கப் போற மாதிரி போறியேண்ணா,” என்பான் நண்பன். “பஜ்ஜி கிஜ்ஜி வெச்சாங்களா? பொண்ணு பாடுச்சா?”

“பாடுச்சுடா. மூணாம் நம்பர்ல வெச்சா கடகடன்னு பாடுது. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அந்த வருஷம் தொழிற்சாலையில் காற்று சரியில்லை. ஆறு மாதமாக ஓவர்டைம் இல்லை. வாரம் மூன்று முறை வந்துகொண்டிருந்த கம்பி லாரி இப்போது ஒருமுறைதான் வந்தது. மூடப்போகிறார்கள் என்று கேன்டீனில் ஒருவர் சொல்வார், ஒன்றுமில்லை என்று இன்னொருவர் சொல்வார். இந்த நேரத்தில் ஒருநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பியூனிடம்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு ஒரு படி மேலே போய், “உக்காருங்க” என்றார். ஆறு வருஷத்தில் அவர் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

“வடக்கேயிருந்து ரெண்டு பேர் வர்றாங்க. முக்கியமான ஆளுங்க. சிட்டிக்குள்ள வேண்டாம், நம்ம ஓசூர் ரோட்டுப் பக்கமும் வேண்டாம். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே கன்வீனியன்ட்டா ஒண்ணு பாருங்க. இது நல்லபடியா முடிஞ்சா எல்லாருக்கும் நல்லதுங்க.” எழுந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து சொன்னார்: “உங்ககிட்டச் சொல்லிட்டா நான் மறந்துட்டுத் தூங்கலாமுங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் நடந்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்போது ஏர்போர்ட் ஊருக்குள்ளேயேதான் இருந்தது. தேவனஹள்ளிக்குப் போனதெல்லாம் பிற்பாடு. ஏர்போர்ட் ரோடு முழுக்க ஹோட்டல்கள்தான். எல்லா ஹோட்டல் பலகையிலும் ‘ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்’ என்று எழுதியிருக்கும். மாரத்தஹள்ளிப் பக்கம் முதலில் பார்த்த ஹோட்டல் உண்மையாகவே மிக அருகில்தான் இருந்தது. நான் கட்டிலில் படுத்திருந்தபோது ஒரு விமானம் கிளம்பியது. மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜாடியின் மூடி தானாக நடந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. வாசல் காவலாளி சிரித்தார். “அலாரமே வேணாம் சார். ஆறு மணி பிளேன் கட்டிலோட எழுப்பி உக்கார வெச்சிடும்.” தொம்மலூர்ப் பக்கம் இரண்டாவது. கீழ்த்தளத்தில் ஒரு மதுபான பார். பாட்டுச் சத்தம் மாடிவரை வந்தது. ‘கெஸ்டுக்குக் காதுல வைக்கப் பஞ்சு கொடுக்கறோம் சார்’ என்று அங்கே இருந்தவர் பெருமையாகச் சொன்னார். பஞ்சு கொடுத்து உபசரிக்கிற ஹோட்டலை அன்றைக்குத்தான் கண்டேன்.

மூன்றாவது, கோடிஹள்ளியில் ஒரு சந்துக்குள். வாசலில் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ரிசப்ஷனில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். விமானச் சத்தம் எப்படி என்று கேட்டேன்.

“ஏர்போர்ட் நமக்குப் பக்கம் சார். ஆனா நாம பக்கத்துல இருக்கறது ஏர்போர்ட்டுக்குத் தெரியாது.”

அந்த வார்த்தைக்காகவே அந்த ஹோட்டலை முடித்துவிட்டேன். முதலில் காட்டிய அறையில் ஃபேன் டிக்டிக்கென்றது, பின்பக்க அறையாக மாற்றிக் கேட்டேன். காலை ஆறுக்கே இட்லி கிடைக்கும். ஏர்போர்ட்டுக்குக் காரில் பத்து நிமிஷம். ரிசப்ஷன் சுவரில் ஒரு கறுப்புப் பலகை இருந்தது, வெள்ளைப் பிளாஸ்டிக் எழுத்துகளைச் செருகி விருந்தாளிகளை வரவேற்கும் பலகை. யாரும் கேட்காமலே, எங்கள் கம்பெனி பெயரைப் போட்டு நல்வரவு என்று வைக்கச் சொன்னேன். எழுத்துகளை ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன்.

விருந்தாளிகள் வந்து இறங்கிய அன்று மேனேஜர் என்னை வராந்தாவில் பிடித்தார். “பலகை வைக்கச் சொன்னது யாரு? உடனே போன் போட்டு எடுக்கச் சொல்லு.” அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. போட்டிக் கம்பெனிக்காரன் கண்ணில் பட்டுவிடும் என்று பயப்படுகிறார் போல, என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து அதை நம்பியும்விட்டேன். அவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தது ஞாயிற்றுக்கிழமை, வார விடுமுறை. காருக்குச் சொன்னவன் நான்தான். விடுமுறை நாளில் ஆள் இல்லாத தொழிற்சாலையில் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அமைதியாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவு நல்ல மனசு எனக்கு.

மறுவாரம் வீட்டுக்குத் திரும்பும் வழியில், நண்பன் வழக்கம்போல் என் தோளில் கையை வைத்துக் காதருகே பேசிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பேச்சு என்றால் கை என் தோளில் இருக்க வேண்டும். சொல்கிற விஷயத்துக்குத் தகுந்தபடி தட்டுவான், அழுத்துவான், சிரிக்கும்போது சட்டையைப் பிடித்து இழுப்பான். அன்றைக்குக் கை சும்மா இருந்தது.

“ஜிகணில ஒரு கம்பெனில கூப்பிடறாங்கண்ணா. சனிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். போகட்டா, இருக்கட்டா? நீ ஆபீஸ்ல இருக்கிறவன், உன் காதுல விழாததா?”

அவன் மனைவிக்கு அது ஏழாம் மாதம். ஜிகணிக் கம்பெனி புதியது, நிற்குமோ நிற்காதோ தெரியாது. இங்கே ஒன்பது வருஷ சர்வீஸ். டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி விளக்கினேன்.

“மூடப்போற கம்பெனி வர்றவங்களை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது லாட்ஜ்ல போடும்டா. நான் பார்த்து வெச்சது மரம் நிக்கற ஹோட்டல். ஃபேன் சத்தம்கூட ஆகாதுன்னு ரூம் மாத்தினவன் நான். பிளேன்ல வந்து பிளேன்ல போயிருக்காங்க. பெரிய ஆர்டருடா.”

“நல்லாக் கேட்டுச் சொல்லுண்ணா.”

கேட்கவும் செய்தேன். மறுநாள் மேனேஜரிடம், ஒரு நல்ல ஆபரேட்டர் ஜிகணிக்குப் போகப் பார்க்கிறான் சார், என்ன சொல்லட்டும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இப்பப் போக வேண்டாமுன்னு சொல்லுங்க. கையில இருக்கற வேலை முடியட்டுங்க.” மறுபடியும் ‘ங்க’ வந்துவிட்டதே என்று என் மனம் குளிர்ந்தது. கையில் இருக்கிற வேலை முடிந்தபின் என்ன என்று கேட்க வாய் வரவில்லை.

“நீ சொன்னா சரிண்ணா,” என்றான் நண்பன். ஜிகணிக்கு வரவில்லை என்று அவன் போனில் சொன்னபோது எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றிருந்தேன். வெளியே வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். “தலைவலி விட்டுச்சுண்ணா” என்றான்.

இரண்டு வாரம் கழித்துக் கோடிஹள்ளி ஹோட்டலிலிருந்து எனக்குப் போன். அந்த அம்மாள்தான். “சார், உங்க கெஸ்ட் அலமாரி மேல்தட்டுல ஒரு பேப்பர் சுருளை விட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.” மேனேஜர் வெளியூரில் இருந்தார். எப்போதும்போல நானே போனேன். விருந்தாளி விட்டுப்போன எதையும் நான் திறந்து பார்த்ததில்லை. இதை மட்டும் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பென்சிலால் போட்ட படம். ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது, எங்கள் தொழிற்சாலைதான். கேட், கேன்டீன், வரிசை வரிசையாக இயந்திரங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிவப்பு மையில் ஒரு எண். மூன்றாம் வரிசையில் ஜன்னலை ஒட்டிய கட்டம் என் நண்பனின் லேத். அதற்கு எண் பதினேழு. தலைப்பில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: அடுத்த மாதக் கடைசிக்குள் கழற்றி எடுத்துச் செல்ல வேண்டியவை. கீழே மூலையில், ஆபீஸ் மேஜை ஆறு, நாற்காலி பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்றில்தான் நான் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா சார், முகமே மாறிப்போச்சு,” என்றார் அந்த அம்மாள். “காபி கொண்டாரச் சொல்லட்டா? உங்க கெஸ்ட் ரொம்பத் தங்கமானவங்க சார். இந்த மாதிரி அமைதியான ரூம் பெங்களூர்ல பார்த்ததே இல்லேன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

மறுநாள் மேனேஜர் வந்ததும் சுருளை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் பிரிக்கவில்லை. சுருளில் ரப்பர் பேண்டு கோணலாகப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னீங்களே சார்.”

“கத்திட்டு மூடறதைவிட அமைதியா மூடறது நல்லதுதானுங்களே.”

“அந்தப் பையனைப் போகாதேன்னு சொல்லச் சொன்னீங்க. என் வாயால சொல்ல வெச்சீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லை அவர் குரலில். “நான் சொன்னா யாருங்க நம்புவாங்க? நீங்க சொன்னா நம்புவாங்க.” பிறகு ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சேர்த்தார்: “நீங்க எதுக்குங்க மனசைப் போட்டு உழப்பிக்கறீங்க? உங்களை ஹோட்டல்தானே பார்க்கச் சொன்னேன்?”

உட்காரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.

அன்று ஷிப்ட் முடியும்வரை காத்திருந்தேன். எண்ணெய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே நண்பன் ஸ்டாண்டுக்கு வந்தான். இன்றைக்கு மழை வரும், சீக்கிரம் எடு என்றான். நான் சாவியைப் போடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சுருள், சிவப்பு எண், பதினேழு, அடுத்த மாதக் கடைசி. மேனேஜர் சொன்னதையும் விடாமல் சொன்னேன். ஜிகணியில் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று என்பது அவனுக்கு முந்தின வாரமே தெரியும், சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தான்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைதுடைத்த துணியை நாலாக மடித்து டிபன் பையில் வைத்தான்.

“மேனேஜரைச் சொல்லி என்னாண்ணா. அந்தாளு எனக்கு யாரு? நீ சொன்னேன்னுதான் இருந்தேன். ஹோட்டல் ஹோட்டலாப் போனே, குழாயைத் திறந்து பார்த்தே, படுத்துப் பார்த்தே, ரூம்ல ஃபேன் சத்தம் போடுதான்னுகூட பார்த்தியேண்ணா. அந்த ஆளுங்க எதுக்கு வர்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

நான் ஸ்கூட்டரை உதைத்தேன். மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. ஓசூர் ரோட்டில் பஸ் ஒன்று நின்று போயிற்று. அவன் அதைப் பார்த்தான், ஆனால் ஏறவில்லை. வந்து பின்சீட்டில் உட்கார்ந்தான். டிபன் பையை மடியில் வைத்தான். பிறகு கையைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், வண்டியின் பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொண்டான்.