ஒரு மேசையைக் குறை சொல்லப் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஒரு மேசையைப் பெண் பார்க்கப் போனோம். சிரிக்காதீர்கள். என் மகளை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு இருந்ததில்லை.

சாதாரண மேசை இல்லை. அந்தக் காலத்து செக்ரட்டரி டெஸ்க். மூடியிருந்தால் குட்டி பீரோ போல நிற்கும். முன்பக்கப் பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே எழுதும் மேசை. உள்ளே சின்னச் சின்ன அறைகள், இழுப்பறைகள். வேலை முடிந்ததா, முடியவில்லையா? எதுவானாலும் பரவாயில்லை — பலகையைத் தூக்கிப் பூட்டிவிடலாம். பாதியில் விட்ட வாக்கியம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை இதுவரை நான் எங்கே உட்கார்ந்து எழுதி வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? முத்தியால்பேட்டையில், எங்கள் வீட்டு டைனிங் டேபிளில். காலையில் பரப்பி வைப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாவற்றையும் வாரிக் கட்டில் மேல் போடுவேன். கட்டிலில் யாராவது படுக்க வந்தால் ஃபிரிட்ஜ் மேல். சாயங்காலம் தேடினால் நடுவில் ஒரு பக்கம் இருக்காது. 'கட்டுரை நடுவில் திடீரென்று எங்கோ போய்விட்டதே' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, கட்டுரை எங்கேயும் போகவில்லை... ரசம் வந்தது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கென்று இருந்தது அலமாரியில் ஒரு தட்டு. அதிலும் பாதி போர்வைகள். நான் எழுந்து போனால் யாரும் தொடாத ஒரு மேசை வேண்டும் என்று மனதுக்குள் எவ்வளவோ காலமாக அரித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை. "பழைய மேசை ஒண்ணு விக்கிறாங்களாம், போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று இவரிடம் கேட்டதே பெரிய விஷயம். "சும்மாத்தான்" என்று கூடவே சேர்த்துக்கொண்டேன்.

விற்பவர் திரேசம்மா. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு. கணவர் சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். இந்த அம்மா பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவர். இப்போது பிரான்சில் இருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்துகொள்வதற்காக வீட்டைக் காலி செய்கிறார்.

வண்டியில் போகும்போதே இவர் எனக்குப் பாடம் எடுத்தார். பேரம் பேசுவதில் இவரை மிஞ்ச எங்கள் பேட்டையில் ஆள் கிடையாது.

"தோ பாரு வசந்தி. உள்ள போனதும் மூஞ்சிய உம்முனு வச்சிக்க. புடிச்சிருக்குன்னு காட்டிட்டே, அவ்ளோதான். நான் பேசிக்கிறேன்."

எங்கே உம்மென்று வைத்துக்கொள்வது? ஜன்னலோரம் நின்றது. தேக்கு. கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் வழவழப்பு. திரேசம்மா பலகையைச் சாய்த்தார். சத்தமே இல்லாமல் இறங்கியது. எங்கள் வீட்டு வாசலில் நுழையுமா? இதற்குள் வேறு யாராவது பார்த்து முன்பணம் கொடுத்திருப்பார்களோ? பழைய சாமான் என்றாலே ஹோட்டல்காரர்கள் வண்டியோடு வந்து நிற்கும் ஊராயிற்றே இது!

இவர் வேலையை ஆரம்பித்தார். விரலை மடக்கிப் பக்கவாட்டில் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"கீலு ஆடுது."

ஆடவில்லை.

"மரம் வெளுத்துப் போச்சு."

இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா இது ஓட்ட? பூச்சி அரிச்சிருக்கு. உளுத்த மரம்மா இது."

அது ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நம் ஊரில் எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். பிடித்த பொருளை நாம் அதன் எதிரிலேயே திட்டுவோம். கத்திரிக்காய் வாடல் என்போம், புடவை சாயம் போகும் என்போம். விற்பவர் பதிலுக்கு நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்வார். இரண்டு பேரும் சொல்வது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மனஸ்தாபமே வராது.

இந்த ஆட்டமே தெரியாத ஒருவர் எதிரில் நின்றால்?

திரேசம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "மோன் தியே, கடவுளே... பூச்சியா? எனக்குக் கண்ணு சரியா தெரியலயே, முசியே."

"ஒரு வருசம் தாங்கினா பெரிசு. ஏதோ நாங்கன்றதால பாக்கறோம்" என்றார் இவர், மிகுந்த பெருந்தன்மையோடு.

அந்த அம்மா பலகையைத் தூக்கி மூடினார்.

"அப்ப வேணாம்பா. தெரிஞ்சே பூச்சி புடிச்ச சாமான இன்னொரு குடும்பத்துக்கு எப்படிக் குடுக்கிறது? உங்க வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் அரிச்சிடும். நல்ல வேளை சொன்னீங்க, மெர்சி. ஒடஞ்ச கட்டில எடுக்க விறகுக் கடைக்காரர் வர்றாரு. இதையும் ஒடச்சி எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்."

போனைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவரோ கண்ணைச் சிமிட்டி, "டிராமா... வா, கெளம்பற மாதிரி கெளம்புவோம். வாசல் தாண்டறதுக்குள்ள கூப்புடுவாங்க பாரு" என்று காதோடு சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்தார்.

வாசலைத் தாண்டினோம். செருப்பை மாட்டினோம். யாரும் கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது. "ஆமாப்பா, கட்டிலோட ஒரு மேசையும் இருக்கு. ஒடைக்கத்தான்."

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாக ஞாபகமில்லை. செருப்போடு உள்ளே ஓடியிருக்கிறேன். மேசையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஒடைக்காதீங்கம்மா! எனக்கு வேணும். பூச்சியெல்லாம் இல்லம்மா, அது ஆணி ஓட்ட. கீலும் ஆடல. எனக்கு... உக்காந்து எழுத எங்க வீட்ல எடமே இல்லம்மா."

கடைசி வார்த்தை வரும்போது குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில், முன்பின் தெரியாத வீட்டில், ஒரு மரச்சாமானுக்காக அழுகிறேன்!

திரேசம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார். எனக்குப் பின்னால் வந்து நின்றவரைப் பார்த்தார். "முசியே, நீங்க சொல்லுங்க. பூச்சி இருக்கா, இல்லயா?"

இவர் வாழ்க்கையில் சொன்ன குறையைத் திரும்ப வாங்கியதே இல்லை. கத்திரிக்காயிடம்கூட.

மேசை மேலிருந்த என் கைகளைப் பார்த்தார்.

"நல்ல மேசைங்க. வெலைக்காகச் சொன்னேன். மன்னிச்சிக்குங்க."

திரேசம்மா சொன்ன விலைக்கே வாங்கினோம். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்று விளங்கவே இல்லை. "இவ்ளோ ஆசைய வச்சிக்கிட்டு ஏம்மா பேசாம நின்ன?" என்று வாசல் வரை வந்து கேட்டார். பிரெஞ்சில் கேட்டிருந்தால் புரியாத மாதிரி இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் இவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்காமல் வண்டி ஓட்டினார். கோபமோ? அந்நியர் எதிரில் மானத்தை வாங்கிவிட்டேனோ? அஜந்தா சிக்னலில் வண்டி நின்றது. திரும்பாமலே கேட்டார்.

"எழுத எடம் இல்லன்னு எங்கிட்ட ஏன் ஒரு நாளும் சொல்லல?"

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, மெதுவாக, ஏறக்குறையப் பயந்த குரலில், இன்னொரு கேள்வி வந்தது.

"வேற இன்னா இன்னா வேணும்னு சொல்லாம வச்சிருக்க?"

ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லத்தான் பார்க்கிறேன்... எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.